அரைஞாண் முடிச்சு

மிதுனா தன் மகனைத் 'தளிர்க்கூடு' காப்பகத்தில் சேர்த்ததற்குக் காரணம் ஒரு கோழிக் குழம்பு. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தனியுரிமை, குடும்பக் கண்ணியம், குழந்தையின் எதிர்காலம் என்று நீட்டி முழக்குவாள். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆட்களை மேய்க்கிற வேலை. நீட்டி முழக்குவதற்குத்தான் சம்பளமே. ஆனால் உண்மை கோழிக் குழம்புதான்.

அதற்கு முன்னால் பையன் அதியன் வேறொரு காப்பகத்தில் இருந்தான். பொள்ளாச்சியிலிருந்து மாமியார் வந்திருந்த அன்று, கடையிலிருந்து வரவழைத்த குழம்பை மிதுனா மண்சட்டிக்கு மாற்றி, மேலே கொத்தமல்லி தூவி, தானே மசாலா அரைத்து வைத்ததாகச் சொல்லிப் பரிமாறினாள். மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டிக்கு மாற்றியதைப் பார்த்தது அதியன் மட்டும்தான். மறுநாள் காப்பகத்தில் சொப்புச் சாமான் வைத்து விளையாடும்போது அவன் பொட்டலத்தைப் பிரித்துச் சட்டியில் கொட்டி, உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று சொல்லி, பாட்டிக்குப் பரிமாறிக் காட்டியிருக்கிறான். ஆயா சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா? தன் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் ஒரு சீர் வீட்டில் சொன்னாள். சேதி ஆனைமலையைச் சுற்றிக்கொண்டு பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தது. மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது கையோடு குழம்பு வைத்துக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். மிதுனா அதை மன்னிக்கவே இல்லை. மாமியாரை மன்னித்துவிட்டாள், ஆயாவைத்தான் மன்னிக்கவில்லை.

இப்படி ஊர் முழுக்க மிதுனாக்கள் இருந்தார்கள். ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் தனித்தனிப் படுக்கை, ஒரு வீட்டில் வேலை போனது தெரியாமல் தினமும் டை கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிற அப்பா. பிள்ளைகள் அத்தனையையும் விளையாட்டில் கொட்டின. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். முடியும் என்று எவனோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். குழந்தை வாயை மூட முடியாது, ஆயாவின் மண்டையைத் துடைத்துவிடலாம் என்றான். பெற்றவர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், ஊர்வலம் போனார்கள், சட்டமும் வந்தது.

அதுதான் பட்டை. நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற வெள்ளைப் பட்டை. ஆயாக்கள் காலையில் உள்ளே நுழையும்போது ஓர் அழுத்து, மாலையில் கிளம்பும்போது ஓர் அழுத்து. இடையில் கண்டது, கேட்டது, தூக்கிக் கொஞ்சியது எல்லாம் நினைவிலிருந்து உருவப்பட்டுவிடும். வலி கிடையாது. வீட்டுக்குப் போகிற வழியில் இடுப்பு கடுக்கும். எதைத் தூக்கினோம் என்று தெரியாது. தோளில் பால் வாடை அடிக்கும். எந்தப் பிள்ளை கக்கியது என்று தெரியாது. இதற்குப் பெயர் பாதுகாப்பு.

தளிர்க்கூட்டின் தலைவி லாவண்யா மேடம், சேர்க்கை நாளன்று மிதுனாவின் கையைப் பற்றிக்கொண்டு பேசினாள். பேசும்போது கண்ணை லேசாக மூடிக்கொள்வாள். தன் சொல்லின் இனிப்பு தனக்கே தாங்காது போல.

"உங்க குழந்தை எங்க கையில பத்திரம் மேடம். உங்க ரகசியம் எங்க கையிலேயே கிடையாது. நானே பட்டை போடறவ. நாளைக்கு நீங்க வந்து நின்னா, நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

மிதுனாவுக்குப் புல்லரித்துவிட்டது. தன் பிள்ளையை யாருக்கும் தெரியாத இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட தாயை உலகம் அன்றுதான் பார்த்தது. கணவன் பிரணவ், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டான். போட்டான். நிபந்தனைகளை இரண்டு பேரும் படிக்கவில்லை.

தினமும் காலையில் காப்பகத்து வாசலில் ஒரு சடங்கு நடக்கும். அதியன் இருந்த அறைக்குச் செல்வநாயகி என்றொரு ஆயா. கீரணத்தம் பக்கத்துப் பெண்மணி, ஐம்பதை ஒட்டிய வயது. முந்தின நாள் முழுக்க அவனுக்குச் சோறூட்டி, கால் கழுவி, மடியில் தூங்க வைத்தவள், மறுநாள் காலை குனிந்து, "உன் பேரென்ன கண்ணு?" என்று கேட்பாள். அவன் கைகட்டி நின்று சொல்வான்: "என் பேரு அதியன். எனக்கு வேர்க்கடலை ஆகாது." கடலை விஷயம் முக்கியம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் வாரம் அழுதான். பிறகு பழகிவிட்டான். நான்கு வயதுப் பிள்ளை எதற்குத்தான் பழகாது?

நாளடைவில் வீட்டிலும் அது தொடங்கியது. காலையில் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, பெற்ற தாயின் முன்னால் கைகட்டி நிற்பான். "என் பேரு அதியன். எனக்கு வேர்க்கடலை ஆகாது." யாருக்கு எது மறந்திருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்கு. மிதுனா அதைக் காணொளி எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். அலுவலகத்தில் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னான். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, நான் எங்கேயோ போயிட்டு வந்தா ஆயா முடிச்சுப் போடும்" என்றான். தோட்டத்துக்குப் போய்வந்ததைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு மிதுனா "வெரிகுட்" என்றாள். அவள் கண் திரையில் இருந்தது. பிரணவின் கண் வேறொரு திரையில் இருந்தது.

அப்புறம்தான் இடுப்பு இறுக்குகிறது என்று பையன் சொல்ல ஆரம்பித்தான். அவன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு ஒன்று உண்டு. மாமியாரின் பிடிவாதத்துக்காகக் கட்டியது. மிதுனா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கயிறு முழுக்க முடிச்சுகள். ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரே மாதிரி இரட்டை முடிச்சுகள். முடிச்சுப் போட்டுப் போட்டே கயிறு குட்டையாகி, பையனின் வயிற்றில் சிவந்த தடம் விழுந்திருந்தது.

அவள் மனம் எங்கே போயிற்று தெரியுமா? பையனுக்கு என்ன என்று போகவில்லை. மந்திரித்த கயிறு என்று போயிற்று. பட்டிக்காட்டுப் பெண்களின் செய்வினை, தகடு, தாயத்து என்று போயிற்று. அதற்கும் மேலே ஒரு படி ஏறி, இது ஒரு பதிவல்லவா என்று போயிற்று. தன் குழந்தையின் உடம்பில் எவளோ எதையோ குறித்து வைக்கிறாள். அடுத்த கோழிக் குழம்பு அந்தக் கயிற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் மாலை காப்பகத்து வெளிவாசலில் செல்வநாயகியை மறித்தாள். செல்வநாயகி பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சீருடையையும் அங்கேயே விட்டுவிட்டு, தன் சேலையில் வெளியே வந்துகொண்டிருந்தாள். மிதுனா பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று கேட்டாள்.

செல்வநாயகி குனிந்து பையனைப் பார்த்தாள். அவன் சிரித்தான். அன்று மத்தியானம் அவள் மடியில்தான் தூங்கியிருந்தான். அவளுக்கோ முன்பின் பார்த்திராத முகம். கயிற்றை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"பையனை எனக்குத் தெரியலீங்க அம்மிணி. ஆனா முடிச்சு என்ற கை போட்டதுதானுங்க. எங்கூட்டுக் கன்னுக்குட்டிக்கு இப்படித்தான் போடுவேன். மறக்கக் கூடாத சமாச்சாரம்னா முந்தானையிலயும் இதையேதான் போடுவேன். உள்ள முந்தானை இல்லைங்களே, அதான் பையனுக்குப் போட்டிருக்கேன் போல."

எதை மறக்கக் கூடாது என்று மிதுனா கேட்டாள்.

"அதுதான் தெரியலீங்களே. என்னமோ கண்டிருக்கேன், திரும்பத் திரும்பக் கண்டிருக்கேன். சும்மா போடற கையில்லைங்க இது. எதுக்கும் பையனை ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிப்போடுங்க."

மிதுனா சிரித்தாள். என்ன நோய் என்று தெரியாது, எப்போது கண்டேன் என்று தெரியாது, பிள்ளை யாரென்றே தெரியாது; ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். வரவேற்பு மேசையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். எல்லார் எதிரிலும் கயிற்றை வெட்டித் தரையில் போட்டாள். பையன் வீறிட்டு அழுதான். இறுக்கம் விட்டதற்கு அழுகிறானே பைத்தியம் என்று அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்த கையோடு புகார் அனுப்பினாள். 'குழந்தையின் உடலில் அனுமதியின்றித் தகவல் பதித்தல்.' தலைப்பே தனக்குப் பிடித்துப்போய் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். லாவண்யா மேடத்தின் மன்னிப்பு உடனே வந்தது. ஆயா வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். மிதுனாவுக்கு 'விழிப்புள்ள பெற்றோர்' என்று ஒரு தங்க நட்சத்திரம் செயலியில் ஒளிர்ந்தது. அதையும் எல்லாருக்கும் அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுக்ககத்தில் மின்தூக்கி நின்றுபோயிருந்தது. படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதியன் முன்னால் குதித்துக் குதித்து ஓடி, திருப்பத்தில் மேல் படியின் விளிம்பில் நின்றான். மிதுனா கூப்பிட்டாள். திரும்பவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன, உள்ளே ஆளில்லை. உதடு மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. அவள் கையை நீட்டுவதற்குள் அவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். அடுத்த தளம் வரைக்கும் உருண்டான்.

மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே நாளாயிற்று. விழித்த பிறகும் இடது கை எதையும் பிடிக்கவில்லை. பிடிப்பு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். மூளை மருத்துவர் இம்மானுவேல் மிதுனாவைத் தனியே உட்காரவைத்து, இப்படி வெறித்துப் பார்ப்பது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். இதுதான் முதல் தடவை என்றாள்.

"நீங்க பாத்தது முதல் தடவையா இருக்கலாம். ஆனா இது ஒரு வகை வலிப்பு. ஒருநாள்ல வர்றது இல்லைங்க. சாதாரண மாத்திரையிலயே நின்னிருக்கும். பகல்ல பையன் எங்க இருப்பான்?"

தளிர்க்கூடு என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்காக மிதுனா அவரைக் கடைசிவரை வெறுத்தாள்.

"பையன் இடுப்புல கறுப்புக் கயிறு இருந்துதா? முடிச்சு முடிச்சா?"

மிதுனா தலையை மட்டும் ஆட்டினாள். மருத்துவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பட்டை நினைவை அழிப்பதில்லை, எடுத்து வைக்கிறது என்று விளக்கினார். பெயர், முகம், குரல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிச்சத்தை இவரைப் போன்ற ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தருகிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டதிலேயே அது இருக்கிறது. அந்த நினைவுகளில் ஒரு குழந்தை உண்டு. மத்தியானம் திடீரென்று உறைந்துபோகும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மங்கல். ஒரு பெண்ணின் கை அதன் இடுப்புக் கயிற்றைத் தேடி முடிச்சுப் போடும். இவருடைய குழுவினர் அந்தக் குழந்தைக்குச் செல்லமாகச் 'செவ்வந்தி' என்று பெயர் வைத்திருந்தார்களாம். டெல்லியில் ஒரு மாநாட்டில் செவ்வந்தியைப் பற்றி இவர் பேசியபோது நல்ல கைத்தட்டலாம்.

"அந்தம்மா தினமும் கயித்தைப் பாத்துட்டு ஆபீஸ் ரூமுக்கு ஓடறாங்க. இது திரும்பத் திரும்ப நடக்குது, பெத்தவங்ககிட்டச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. அங்க இருக்கறவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? ஒருதடவை நடந்ததைப் பதியக் கூடாது, பலதடவை நடந்தா மட்டும் பதியலாம், பலதடவை நடந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்க யாருக்கும் உரிமை இல்லை, முடிச்சு ஆதாரம் ஆகாது. மறுநாள் அந்தம்மா புதுசா ஓடறாங்க. அவங்களும் புதுசா அதே பதிலைச் சொல்றாங்க. மாநாட்டுல இந்த இடத்துல எல்லாருமே சிரிச்சாங்க."

"தெரிஞ்சும் ஏன் டாக்டர் சொல்லலை?" என்று மிதுனா கேட்டாள்.

"யாருகிட்டச் சொல்றது? பேரை எடுத்துட்டா அப்புறம் அந்தக் குழந்தை யாருன்னு தேடக் கூடாது. தேடினா ஜெயில். உங்களை மாதிரி பெத்தவங்க ஊர்வலம் போய் வாங்கின சட்டம்தாங்க. திடீர்னு ஒருநாள் முடிச்சு நின்னுபோச்சு. குழந்தை வேற ஊருக்குப் போயிருச்சுபோலன்னு ஃபைலை மூடிட்டோம்."

மிதுனா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் பிடித்த கை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவளுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, பார்க்கத்தான் நேரமில்லை.

அதியன் சாப்பிட மறுத்தான். தாய் வாயருகே கொண்டுபோன கரண்டியைத் தள்ளிவிட்டு, "முடிச்சு ஆயா வேணும்" என்றான். பட்டை ஆயாக்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை. அவன் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தான். எங்கேயோ போய்விட்டு வந்தால் ஆயா தலையைத் தடவுவது, தண்ணீர் கொடுப்பது, முடிச்சுப் போடுவது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. காப்பகத்திலும் சரி, ஆராய்ச்சியிலும் சரி, வீட்டிலும் சரி, அவனைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

செல்வநாயகியின் விலாசத்தைக் கேட்டதற்கு, அப்படி ஒருவர் இருந்ததாக நினைவில்லை என்று லாவண்யா மேடம் பணிவோடு பதில் அனுப்பினாள். பொய்யில்லை, உண்மையிலேயே நினைவில்லை. கடைசியில் சொன்னது வெளிவாசல் காவலாளி. அவர் வாசலுக்கு வெளியே நிற்கிறவர், அதனால் அவர் மண்டை கணக்கில் வரவில்லை.

கீரணத்தத்தில் செல்வநாயகி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். மிதுனாவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"கயிறு வெட்டுன அம்மிணிதானுங்களே?"

மிதுனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"வாசலுக்கு வெளியில நடந்துதுங்களே, பட்டையைக் கழட்டினதுக்கப்புறம். பட்டை கட்டி அங்க வேலை பாத்த அத்தனை நாள்லயும் என்ற மண்டையில தங்குனது அது ஒண்ணுதானுங்க."

எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறாள். எத்தனை பேரின் முதல் சொல்லைக் கேட்டிருப்பாள், எத்தனை பேர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அத்தனையும் போய், மிச்சம் இருந்தது ஒரு கத்தரிக்கோல். வீட்டுக்குள் போய் அந்தக் கயிற்றை எடுத்துவந்தாள். பிள்ளை இடுப்புக் கயிறு கால்பட்டுக் கிடக்கக் கூடாதென்று பொறுக்கி வைத்திருந்தாளாம். மிதுனா நடந்ததைச் சொன்னாள். பையன் கேட்கிறான், வர வேண்டும் என்றாள். செல்வநாயகி சேலையை மாற்றிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

மிதுனா அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. பாதி வழியில் கேட்டாள், கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"அன்னிக்கு நான் கயித்தை வெட்டினதை... யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

செல்வநாயகி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஈனப்பிறவியே என்று அந்தப் பார்வைக்குப் பொருள். வாயால் சொன்னது வேறு.

"எதுக்குங்க அம்மிணி? அது உங்க வீட்டுச் சேதி."

அறைக்குள் நுழைந்ததும் அதியன் தலையணையிலிருந்து எழப் பார்த்தான். பாதிதான் முடிந்தது. இடது கை எழவில்லை. வலது கையை மட்டும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டான், கைகட்டி நிற்பதாக அவனுக்கு நினைப்பு. பிறகு தினமும் சொல்வதைச் சொன்னான்.

"என் பேரு அதியன். எனக்கு வேர்க்கடலை ஆகாது."

செல்வநாயகிக்கு அவனைத் தெரியாது. வாசலில் ஒருநாள் அழுத ஒரு பையன், அவ்வளவுதான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவனுடைய பிடிப்பில்லாத இடது கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"தெரியுங் கண்ணு. உன்னையத் தெரியாதா எனக்கு?"

பையன் அசையாமல் பார்த்தான்.  மறுபடியும் வந்துவிட்டதோ என்று மிதுனா மணியை அழுத்தப் போனாள். ஆனால் இந்தக் கண்களுக்குள் ஆள் இருந்தது. அவன் மெதுவாகத் தாயின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, ஆயாவுக்கு என்னைத் தெரியுது."

அது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மிதுனா "ஆமாண்டா கண்ணா" என்றாள். இந்த ஒரு சேதியை அவள் சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்ல மாட்டாள், அதற்குப் பட்டை எதுவும் தேவைப்படவில்லை.